ராசையா அண்ணன் அமைச்சராக இருந்த ஐந்து நாட்கள்

எங்கள் பிரிவில் இப்போது வேலை செய்யும் ஷாமிலா போன மாதம் தொலைபேசி எடுத்தாள். பழைய வீடியோ நாடாக்களை எல்லாம் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

"மிஸ், குடியுரிமை விவாதப் படத்துல ஒரு பிழை இருக்கு. அமைச்சருக்கு முன்னால இருக்கிற தண்ணி கிளாஸ் பாதியா இருக்கு. அடுத்த ஷொட்ல முழுசா நெறஞ்சிருக்கு. யாரும் ஊத்தவும் இல்ல. கம்ப்யூட்டர்ல சரி பண்ணிரலாம். பண்ணட்டுமா?"

"வேணாம் பிள்ள. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

"ஏன் மிஸ்? கண்டினியூட்டின்னு உங்கட பேருதானே போகுது. பாக்கிறவங்க உங்களத்தானே குறை சொல்லுவாங்க."

அவள் சொன்னது சரிதான். அந்தக் கிளாஸைக் கவனித்திருக்க வேண்டியவள் நான். ஏன் திருத்த வேண்டாம் என்பதைத் தொலைபேசியில் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் எடுத்தது சினிமா இல்லை. மேடை நாடகம் என்றும் சொல்ல முடியாது. நாட்டின் சட்ட சபையில் என்றோ நடந்த பெரிய விவாதங்களை, ஹன்சாட் என்ற சபைப் பதிவேட்டில் உள்ளது உள்ளபடி நடிகர்களைப் பேச வைத்து, ஒரு மண்டபத்துக்குள் சபையைப் போலவே ஜோடித்து, வீடியோவில் பிடிப்போம். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. அவை பாடசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் போகும். கண்டி நகரத்தில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு மாடிதான் எங்கள் கந்தோர். ஐந்து பேர் சம்பளத்துக்கு இருந்தோம். மற்றவர்கள் எல்லோரும் லீவு போட்டு வந்து நடித்தவர்கள்.

நான் வத்தேகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். கண்டியில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்தேன். மூன்று மொழியும் ஓரளவு எழுத வந்ததால் தட்டச்சு செய்ய எடுத்தார்கள். ஹன்சாட்டைத் தமிழில் போட்டுத் தட்டச்சுச் செய்தவளுக்குத்தான் யார் எங்கே என்ன சொல்ல வேண்டும் என்பது மனப்பாடமாக இருந்தது. அதனால் படப்பிடிப்பில் வசனம் எடுத்துக் கொடுக்க நிறுத்தினார்கள். வசனத்தோடு சேர்ந்து கண்டினியூட்டியும் என் தலையில் விழுந்தது. இதற்கென்று எந்தப் படிப்பும் நான் படிக்கவில்லை.

கண்டினியூட்டி என்றால் இதுதான். ஒருவர் பேசுவதைத் துண்டு துண்டாகப் பிடிப்போம். காலையில் பிடித்த துண்டில் மூக்குக் கண்ணாடி கையில் இருந்தால், அதைத் தொடர்ந்து வருகிற துண்டை அடுத்த நாள் பிடித்தாலும் கையில்தான் இருக்க வேண்டும். நான் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தாள் வைத்திருந்தேன். இடது பக்கம் வசனம். வலது பக்கம் பேனா எந்தக் கையில், கோட்டுப் பொத்தான் எத்தனை திறந்திருக்கிறது, தண்ணீர் எவ்வளவு. கிளாஸின் பின்பக்கம், கமராவுக்குத் தெரியாத இடத்தில், தண்ணீரின் மட்டத்துக்கு நகப்பூச்சால் ஒரு சிறு கோடு போட்டுக்கொள்வேன். ஒரு துண்டைப் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு டேக். தாளின் மேல் மூலையில் ஒவ்வொரு டேக்கும் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று எழுத வேண்டும். அது பாரூக் சேருடைய சட்டம்.

பாரூக் சேர்தான் எங்கள் இயக்குநர். முன்பு சரித்திர ஆசிரியராக இருந்தவர். கமராவுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்திருப்பார். மற்ற இயக்குநர்களைப் போல் சத்தம் போட மாட்டார். "பேசுங்க" என்பார், அவ்வளவுதான். யாராவது ஒரு சொல்லைக் கூட்டினாலோ குறைத்தாலோ உடனே நிறுத்த மாட்டார். முடியும் வரைக்கும் விட்டு, பிறகு எழுந்து மெதுவாக நடந்து அந்த நடிகர் பக்கத்தில் போய் நின்று, தாளைப் பார்த்து, "இது ஹன்சாட்ல ஈக்கா?" என்று கேட்பார். இருக்கா என்பது அவர் பேச்சில் ஈக்கா, சொல் என்பது செல். அந்தக் கேள்விக்குப் பெரிய பெரிய ஆட்களே வியர்த்தார்கள். நோன்பு மாதத்தில்கூடப் பத்து மணிக்கு எல்லோருக்கும் தேத்தண்ணீர் வந்ததா என்று அவரே வந்து பார்ப்பார். தான் ஒரு மிடறு தண்ணீர் குடித்திருக்க மாட்டார்.

ஹன்சாட்டில் சில இடங்களில் அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று இருக்கும். மொழி பற்றிய விவாதம் ஒன்றை எடுத்தபோது அந்த ஒரு சொல்லுக்காக அரை நாள் போயிற்று. யார் சிரித்தார்கள், எந்தப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தவர்கள் சிரித்தார்கள், எவ்வளவு நேரம்? ஒரு பக்கம் சிரித்தால் அது பரிகாசம், இரண்டு பக்கமும் சிரித்தால் பகிடி என்றார் சேர். கடைசியில் ஆளும் பக்கத்து இரண்டாவது வரிசை மட்டும் சிரிக்கட்டும் என்று முடிவானது. அதே படத்தில் ஓர் உறுப்பினரின் கையில் புது மாதிரிக் கைக்கடிகாரம் இருந்ததை மத்தியானம்தான் நான் கண்டேன். சொல்லத் தயங்கினேன். சொன்னேன். சேர் காலையில் பிடித்தது முழுவதையும் மறுபடி பிடித்தார். "பிள்ளைகள் பாக்கிற படம். ஒரு பொய்யக் கண்டா மத்ததெல்லாத்தையும் பொய்யெண்டுதான் நெனைப்பாங்க" என்றார்.

ராசையா அண்ணன் எங்களுக்குக் கிடைத்தது கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவையில். சபையில் வைக்கிற செங்கோல் ஒன்று எங்களுக்கு வேண்டியிருந்தது. அங்கே பித்தளை வேலை செய்கிற ஒருவரிடம் கொடுத்திருந்தோம். அதை எடுக்க நானும் சேரும் போன அன்று, பக்கத்து இரும்புக் கடைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. யாரோ ஆணிக் கணக்கு வாசிக்கிறார். ஒரு அங்குலம் இவ்வளவு, இரண்டு அங்குலம் இவ்வளவு, பூட்டு, கீல், கொண்டி. சேர் செங்கோலைக் கையில் பிடித்தபடி வீதியில் நின்றுவிட்டார்.

"செல்வமலர், கேளுங்க. ஆணியெ வாசிக்கிறாரு. சட்டம் வாசிக்கிற மாதிரி ஈக்குது" என்றார்.

உள்ளே போனோம். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மனிதர். கடையில் எழுதுகிற வேலை. ஊர் நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தோட்டம். வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டுக்குப் போவார். தோட்டத்தில் காமன் கூத்து ஆடியவராம். நடிக்க வருகிறீர்களா என்று சேர் கேட்டதும், முதலாளியின் முகத்தைப் பார்த்தார். முதலாளி நல்ல மனிதர். போய்ட்டு வா என்றார்.

அப்போது நாங்கள் குடியுரிமை விவாதத்தைத் தொடங்கியிருந்தோம். சுதந்திரம் கிடைத்த சூட்டோடு வந்த சட்டம். தோட்டத்துச் சனங்களில் பெரும்பாலானோரை எந்த நாட்டுக்கும் உரியவர்கள் இல்லாமல் ஆக்கிய சட்டம். என் அம்மா அறுபது வயது வரைக்கும் ஒரு தேர்தலிலும் வாக்குப் போட்டதில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுதவில்லை, படத்தில் எல்லாம் இருக்கிறது.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து பேசுகிற அமைச்சர் வேடத்தைச் சேர் ராசையா அண்ணனுக்குக் கொடுத்தார். தோட்டத்துச் சனங்களுக்காக எழுந்து எதிர்த்துப் பேசுகிற உறுப்பினர் வேடம் சோமதாச மாஸ்டருக்கு. அவர் சிங்களவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், தமிழ் நன்றாகப் பேசுவார். எனக்கு இது பிடிக்கவில்லை. சேரிடம் போய்ச் சொன்னேன்.

"தண்ட பக்கத்தத் தானே பேசினா அழுதுருவாங்க செல்வமலர்" என்றார். "அழுறது பாக்கிறவங்கட வேல. இவங்கட வேல செல்றதச் செல்றது."

ராசையா அண்ணனிடமே கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

"எனக்கென்ன தங்கச்சி. இது நான் ஏற்கெனவே செஞ்ச வேலதான். ரெண்டு நாட்டுக்கும் அந்த ஒப்பந்தம் வந்து, இந்தியாவா இலங்கையான்னு எல்லாரும் எழுதிக் குடுக்கணும்னாங்களே. எங்க லயத்து வீடுங்கள்ல எழுதத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன். எல்லாருக்கும் நான்தான் ஃபார்ம் நெரப்புனேன். எங்க அக்காவுக்கும்."

"அக்கா இந்தியாவா கேட்டாங்க?"

"அக்கா இங்கேயே இருக்கணும்னுச்சு. மச்சான் அங்க போகணும்னாரு. நான் மச்சான் சொன்னத எழுதுனேன்." சொல்லிவிட்டு வசனத் தாளைப் பார்த்தார். "இந்த எடத்துல கொஞ்சம் நிறுத்திப் பேசணுமா, ஒரே மூச்சுலயா?"

அக்காவின் பெயர் தெய்வானை. கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்திலேயே வேலை கிடைத்து, அங்கேயே பிள்ளைகள் பெற்று இருந்தார். போன பிறகு அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. வருடத்துக்கு இரண்டு கடிதம். அண்ணனுக்குக் குடியுரிமைப் பத்திரம் கையில் கிடைத்தே அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பாஸ்போர்ட் எடுத்து ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொண்டிருப்பார்.

பாடசாலை விடுமுறையில் கண்டியில் ஒரு பாடசாலை மண்டபத்தை ஐந்து நாட்களுக்குக் கேட்டு வாங்கினோம். ஒரு தேவாலயத்து வாங்குகளை இரண்டு பக்கமும் எதிரெதிராகப் போட்டு, நடுவில் மேசையும் செங்கோலும் வைத்தோம். நான்கு நாட்கள் அண்ணன் பேசினார். நான் அதுவரைக்கும் பார்த்த நடிகர்களில் அப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவில்லை. மேசையைத் தட்டவில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் குடிகள் யார் என்று தீர்மானிக்கிற உரிமை இருக்கிறது என்கிற பொருளில் வரும் நீண்ட பகுதியை, பேரத்தை முடிக்காத ஒரு வாடிக்கையாளருக்கு விலை சொல்கிற மாதிரி அமைதியாகச் சொன்னார். கேட்கிறவர்களுக்கு, அட, நியாயம்தானே என்று ஒரு கணம் தோன்றும். எனக்கே தோன்றியது. பிறகு உடம்பு கூசியது.

ஐந்தாம் நாள்தான் கடைசி. அடுத்த நாள் காலையில் பரீட்சைக்காக மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காலையில் அமைச்சரின் பதிலுரை. மத்தியானத்துக்குப் பிறகு, பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராக ஆம், இல்லை என்று வாக்களிக்கிற காட்சி. அதற்குப் பதினாறு நடிகர்களும் வேண்டும். எல்லோருக்கும் அன்றோடு லீவு முடிகிறது.

பதிலுரையின் முதல் டேக் ரயிலின் கூச்சலில் கெட்டது. இரண்டாவது டேக் பத்து ஐம்பத்தைந்துக்கு. நன்றாக வந்தது. அண்ணன் பேசி முடித்து, உட்கார்ந்து, தாள்களை ஒழுங்குபடுத்தினார். சேர் தலையை ஆட்டினார். அப்போதுதான் கிளாஸைப் பார்த்தேன். நிறையத் தண்ணீர். முந்தின நாள் பாதி குடித்த கிளாஸ் அது. காலையில் மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கியவர் நல்லெண்ணத்தில் நிரப்பி வைத்திருக்கிறார். நகப்பூச்சுக் கோடு தண்ணீருக்குள் தெரிகிறது. டேக்குக்கு முன்னால் நான் பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் அப்படிக் கோட்டை விட்டது அதுதான் முதல் தடவை.

"சேர், கிளாஸ் பிழை. என்ட பிழை" என்றேன்.

அவர் ஏசவில்லை. "இன்னொண்டு எடுப்பம்" என்றார்.

விளக்குகள் சூடாறட்டும் என்று கொஞ்சம் நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் பாடசாலைக் காவலாளி வந்து, அதிபர் அறையில் எனக்குத் தொலைபேசி என்றார். போனேன். பிலிமத்தலாவை முதலாளி.

"பிள்ள, ராசையாகிட்ட பக்குவமா சொல்லிருங்க. இப்பதான் இந்தியாவுலேருந்து கோல் வந்துச்சு. கோத்தகிரி அக்கா காலையில தவறிட்டாங்களாம்."

சுவரில் மணிக்கூடு. பதினொன்றே கால். பழக்கத்தில் பார்த்தேன்.

மண்டபத்துக்குத் திரும்பி நடந்த அந்த நாற்பது அடியை நான் பல தடவை மனதுக்குள் நடந்திருக்கிறேன். கதவடியில் நின்றேன். அண்ணன் அமைச்சரின் கோட்டில், யாரோ சொன்ன பகிடிக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். சொன்னால் இனி இன்று இவர் பேச மாட்டார். பேசவும் கூடாது. பேசாவிட்டால் படம் இல்லை. இன்னொரு டேக் தேவைப்பட்டதே என் கவனக் குறைவால்தான். அது மட்டும் முடியட்டும், பிறகு சொல்வோம் என்று நினைத்தேன். இந்தியாவில் இருக்கிற பிணத்துக்கு இங்கே இருந்து ஒன்றும் செய்ய முடியாதே என்றும் நினைத்தேன். அப்படி நினைத்ததைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கிளாஸில் தண்ணீரைக் கோட்டுக்குக் குறைத்தேன். தாளில் டேக் மூன்று, பதினொன்று நாற்பது என்று எழுதினேன்.

மூன்றாவது டேக்கில் ஒரு விஷயம் நடந்தது. அண்ணன் பேசி முடிக்கிற நேரம் எதிர்ப்பக்கத்திலிருந்து சோமதாச மாஸ்டர் எழுந்து குறுக்கே பேச வேண்டும். ஹன்சாட்டில் உள்ள குறுக்கீடுதான். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்த அண்ணன் சிரித்தார். வெற்றிச் சிரிப்பில்லை. வாய் திறக்கவில்லை. ஒரு பக்க உதடு மட்டும் கொஞ்சம் ஏறிற்று, கண் சுருங்கிற்று. பிடிவாதம் பிடித்து அழுகிற பிள்ளையைப் பொறுத்துக்கொள்கிற பெரியவரின் சிரிப்பு. அந்த இடத்தில், அந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில், அதைப் பார்க்க மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் நெஞ்சு சில்லிட்டுவிட்டது.

சேர் முக்காலியில் இருந்து எழும்பவில்லை. "முடிஞ்சிச்சு" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். ஹன்சாட்டில் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

சாப்பிட்டார்கள். வாக்கெடுப்பு எடுத்தோம். அண்ணன் தன் பெயர் வந்தபோது ஆம் என்றார். நான்கு மணிக்கு எல்லாம் முடிந்து, ஆட்கள் கை குலுக்கிக்கொண்டிருந்த நேரம், அவரை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"அண்ணே, முதலாளி கோல் எடுத்தாரு. கோத்தகிரி அக்கா காலையில தவறிட்டாங்களாம்."

அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். பிறகு கோட்டைக் கழற்றினார். நன்றாக மடித்துக் கதிரையின் மேல் வைத்தார்.

"கோல் எத்தன மணிக்கு வந்துச்சு?"

சேர் பக்கத்தில் வந்து நின்றது எனக்குத் தெரியும். கையில் என் தாள்கள். பொய் சொல்ல இடமில்லை. சொல்லவும் நினைக்கவில்லை.

"பதினொன்னே காலுக்கு."

"அப்ப நான் சிரிச்சது?"

"அதுக்குப் பொறகு அண்ணே. பதினொன்னு நாப்பதுக்கு."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். மடித்து வைத்த கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு சேரை நிமிர்ந்து பார்த்தார்.

"சேர், அக்கா பொணமா கெடக்கையில நான் சிரிச்ச சிரிப்பு அது. படத்துல வேணாம் சேர்."

"வைக்க மாட்டன்" என்றார் சேர்.

சோமதாச மாஸ்டர் உள்ளே போய் அண்ணனின் பையை எடுத்து வந்தார். "யமு, ராசையா" என்று, போகலாம் என்பதைச் சிங்களத்தில் சொல்லி எழுப்பினார். தன் வீடு கண்டியில் இருந்தும், அவரோடு ரயிலேறி நாவலப்பிட்டி வரைக்கும் போய், வீட்டில் விட்டு, மறுநாள்தான் திரும்பினார். எதிரெதிர் வாங்கில் ஐந்து நாட்கள் சண்டை போட்டவர்கள் தோளைப் பிடித்தபடி பாடசாலைக் கேற்றைத் தாண்டி வெளியே போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணன் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

நான் அழுதேன். சேர் வாங்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து வந்தார்.

"எனக்கிட்டச் செல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பன் எண்டு யோசிச்சன் செல்வமலர். தெரியா. நிப்பாட்டியிருப்பன் எண்டு செல்ல ஏலா. அதனால உங்கள ஏசவும் ஏலா." பிறகு, "ஆனா அவரு எப்ப வந்து என்ன ஏசினாலும் கேட்டுக்கங்க" என்றார்.

வெட்டி ஒட்டுகிற அறையில் எங்களிடம் இருந்தது இரண்டாவது டேக். கிளாஸ் நிறைந்த டேக். ஒரு கைக்கடிகாரத்துக்காகக் காலை முழுவதையும் மறுபடி பிடித்த மனிதர், அந்தக் கிளாஸைத் திரையில் பார்த்தார். ஒருமுறை பெருமூச்சு விட்டார். போட்டார். மூன்றாவது டேக்கை அவரே அழித்தார். அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து அழித்தார். தாளில் அதன் மேல் ஒரு கோடு போட்டு, அழிக்கப்பட்டது என்று நான் எழுதினேன்.

படம் போன பிறகு கிளாஸைப் பற்றிப் பாடசாலைகளில் இருந்து கடிதங்கள் வந்தன. சில ஆசிரியர்கள் கொஞ்சம் நக்கலாகவும் எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் சேர் ஒரே பதில் சொல்லச் சொன்னார், நான்தான் தட்டச்சுச் செய்தேன். தவறு எங்களுடையது, சுட்டிக்காட்டியதற்கு நன்றி, திருத்தும் எண்ணம் இல்லை.

ராசையா அண்ணன் என்னை ஏசவே இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிலிமத்தலாவைக்குப் போய்க் கடையில் மன்னிப்புக் கேட்டேன். "சரி தங்கச்சி" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. நாவலப்பிட்டியில் படத்தைக் காட்டிய அன்று வந்தார். பின் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். கிளாஸ் நிறைகிற இடத்தில் நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு படங்களுக்குச் சேர் கூப்பிட்டும் வரவில்லை. மூன்றாவதற்கு வந்தார். அப்போதும் வசனத்தில் சந்தேகம் என்றால் என்னிடம் கேட்பார், சாப்பிட்டீர்களா என்று கேட்பார், அக்கா என்ற பேச்சு மட்டும் வராது. பாஸ்போர்ட் எடுத்துக் கோத்தகிரிக்குப் போய் வந்ததையே நான் மாஸ்டர் சொல்லித்தான் அறிந்தேன்.

பாரூக் சேர் காலமானார். மாஸ்டரும் போனார். நான் ஓய்வுபெறும் வருடம், ஒரு காலை, கந்தோர்ப் படிகளில் இருமல் சத்தம் கேட்டது. ராசையா அண்ணன். நன்றாக வயதாகிவிட்டது. கூடவே நாற்பது வயதில் ஒரு பெண்.

"அக்கா மக, கலா. கோத்தகிரிலேருந்து வந்திருக்கு. படத்தப் பாக்கணுங்குது" என்றார்.

போட்டுக் காட்டினேன். கலா முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். மாமா அமைச்சராகப் பேசுவதைக் கேட்டு முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தலை குனிந்துகொண்டாள். முடிந்ததும், "அந்தக் கிளாஸ் என்னங்க, தானா நெறையுது?" என்று கேட்டாள்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க தங்கச்சி" என்றார்.

சொன்னேன். காவலாளி வந்து கூப்பிட்டது, மணிக்கூடு, நாற்பது அடி, கதவடியில் நான் நினைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய அம்மா இறந்து கிடந்த நேரத்தில் நான் செய்ததை அவளிடமே சொல்வது எனக்கு எளிதாக இருக்கவில்லை.

"அம்மா விடியக்காலையில போயிருச்சுங்க" என்றாள். "மாமாவுக்குச் சொல்லணும்னு எங்க அண்ணன் சொன்னான். நான்தான் வேணாம்னேன். வர முடியாத மனுசருக்குச் சொல்லி அங்க தனியா ஒக்காந்து அழ வைக்கணுமான்னு. அப்புறம் மனசு கேக்கல. எட்டு மணிக்கு மேலதான் டெலிபோன் பூத்துக்குப் போனோம். லைன் கிடைக்கவும் நேரமாயிருச்சு."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். இதை அவரும் இதுவரைக்கும் கேட்டதில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"மாமா சிரிச்சது எப்படிங்க இருந்துச்சு?" என்று கலா என்னிடம் கேட்டாள்.

எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். வாய் திறக்காமல், ஒரு பக்க உதடு ஏறி, கண் சுருங்கி. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதப் பாக்க முடியுமாங்க?"

"இல்லம்மா. அழிச்சாச்சு."

"அம்மாவோடது ஒரே ஒரு போட்டோதாங்க இருக்கு. இந்தியா வர்றதுக்கு எடுத்த பாஸ்போர்ட் போட்டோ. மொறச்சுக்கிட்டு நிக்கும்" என்றாள். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தாள்.

அண்ணன் கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தார். கதிரையின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். தொண்டையைச் செருமினார். என் மேசைக்கும் அலுமாரிக்கும் நடுவில், தாள் இல்லாமல், அமைச்சரின் பதிலுரையைத் தொடங்கினார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தக் குரல் அப்படியே இருந்தது. இடையில் இருமல் வந்தது, பொறுத்திருந்து தொடர்ந்தார். முடிக்கிற இடம் வந்ததும் என்னைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்துக் குறுக்கீட்டைச் சொல்ல மாஸ்டர் இல்லை. நான் சொன்னேன். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே மெதுவாக உட்கார்ந்தார். சிரித்தார்.

கலா எழுந்து அவர் முன்னால் போய்த் தரையில் முழங்காலிட்டு, அந்த முகத்தை அருகில் பார்த்தாள்.

"நாங்க எதாச்சும் கேட்டு அடம்புடிச்சு அழுதா, அம்மா இப்படித்தான் பாக்கும்" என்றாள். அவள் கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. "இன்னொரு தடவ மாமா."

அண்ணன் கதிரையைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்தார். முதலிலிருந்து தொடங்கினார்.